சத்தமில்லாத வீட்டுக்கு நாய் கிடையாது

மார்ச் 3, செவ்வாய்

நாய் வளர்க்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். எட்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். மகள் கல்யாணமாகி வெளியூர் போனதிலிருந்து எங்களுக்குள் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "ம்" — அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் ஒரு விஷயம் வேண்டுமே.

மார்ச் 7, சனி

விலங்குக் காப்பகம் போனோம். விண்ணப்பம் ஒன்பது பக்கம். மதில் எத்தனை அடி, என் கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவேன், ஐந்து வருடத்தில் வீடு மாறும் உத்தேசம் உண்டா. என் மகளைக் கட்டிக்கொண்டவனிடம் நான் கேட்டது மொத்தமே இரண்டு கேள்வி.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிற்றாம். "திங்கக்கிழமை வாங்க சார்" என்று ஜன்னலை மூடிவிட்டாள் விண்ணப்பம் வாங்கிய பெண். உரிமம் வழங்கும் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நான் சொல்லிவரும் அதே வாக்கியம். வெளியே நின்று கேட்டால் இப்படிச் சுடும் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 9

கையெழுத்துப் போட்டாயிற்று. அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்து இல்லாமல் மனு நீட்டினார். என் பேனாவையே கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர், "உடம்பு சரியில்லையா?" என்றார்.

மார்ச் 14

வீட்டை ஆய்வு செய்யக் காப்பகத்து அம்மாள் வந்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"வீட்ல யாராவது சத்தம் போடுவீங்களா?"

"இல்லவே இல்லைங்க" என்றேன் பெருமையாக.

"பேசினாத்தானே சத்தம் போட" என்றாள் மனைவி.

அம்மாள் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 17

நிராகரிப்பு. 'வீடு சுத்தம். கலகலப்பு இல்லை. நாய்க்கு மன அழுத்தம் வரக்கூடும்.'

நாய்க்கு! அப்போ இங்க இருக்கற ரெண்டு மனுஷங்களுக்கு?

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டியில் ஒரு பாத்திரமும் இல்லை. நான் நிலைப்படியிலேயே நின்றேன். என்ன கேட்பது?

மார்ச் 21

மறு ஆய்வுக்கு மனுப் போட்டேன். அதற்காக இன்று முதல் தினம் அரை மணி நேரம் பேச்சு ஒத்திகை. தலைப்பு: வானிலை. நாலு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. திடீரென்று அவள்,

"பொண்ணு கிளம்பினப்போ நீங்க ஏன் அழலை?"

"அழுதேன். ஸ்டேஷன் கழிப்பறையில."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலையே."

அரை மணி ஒத்திகை மூன்று மணி நேரம் ஓடியது. அடுப்பில் இருந்தது கருகிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

ஏப்ரல் 4

தேறிவிட்டோம். நாய் எங்கே படுப்பது என்று அம்மாள் முன்னாலேயே வாக்குவாதம். அது ஒத்திகையில் இல்லாதது.

மூன்று வீடுகள் திருப்பி அனுப்பிய ஒரு கிழட்டு நாயை மனைவி தேர்ந்தெடுத்தாள். வண்டியில் ஏற்றிய பிறகுதான் கழுத்து அட்டையைப் படித்தேன்: 'இரண்டு காதும் கேட்காது.'

ஏப்ரல் 19

நாயை யார் குளிப்பாட்டுவது என்று காலையில் பெரிய சண்டை. "உங்களுக்கு ஒரு வேலை உருப்படியாத் தெரியுமா?" என்று அவள். "எல்லாம் தெரிஞ்ச மகராசி நீதான்" என்று நான். பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய்க் கதவைத் தட்டினார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

இருவருக்கும் நடுவில் நாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

நல்லாத்தான் இருக்கு என்றேன்.