காணாமல் போன ஊசிமுனை

வியாழன், இரவு

இன்று என் மெஷினில் ஊசி உடைந்தது. எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை அந்த மெஷின் ஓடாது. தைப்பது குழந்தைகள் பனியன். துணிக்குள் ஒரு துண்டு தங்கினாலும் பிள்ளையைக் குத்திவிடும். எனக்கு முனை மட்டும் கிடைக்கவில்லை.

"காந்தத்த வெச்சுத் தேடுங்கக்கா, எங்க போயிரும்" என்றார் சூப்பர்வைசர். குனிந்து தேடியதில் தலை சுற்றியது. பக்கத்து மெஷின் பெண் தாங்கிக்கொள்ள என் மணிக்கட்டைப் பிடித்தாள். அலறிவிட்டேன். லைனே திரும்பிப் பார்த்தது.

போன வருஷம் நோயில் விழுந்து ஐசியுவில் கிடந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது ஒரு பிடி மட்டும்தான். யாரோ என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார்கள், விடவே இல்லை. கொல்லத்தான் பிடிக்கிறார்கள் என்று நம்பினேன். இப்போதும் யார் கையைத் தொட்டாலும் உதறுகிறேன். வீட்டுக்காரர் தொட்டாலும்தான்.

கடைசியில் முனை துணி மடிப்பில் அகப்பட்டது. கணக்குக் காட்டத் துண்டுகளைத் தாளில் சேர்த்து ஒட்டியபோது முழு ஊசியாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, வீட்டுக்கு வந்து சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, ஐசியுல என் கையப் புடிச்சிருந்தது யாருங்க?"

அவர் தட்டையே பார்த்தார். "நாந்தான். நீ ட்யூபப் புடுங்கீட்டே இருந்த. கையக் கட்டிலோட கட்டோணும்னு நர்சுக சொன்னாங்க. வேண்டாமுங்க, நான் புடிச்சுக்கறேன்னு சொன்னேன். விட்டாக் கட்டீருவாங்கல்ல."

தூங்கிவிட்டார். அந்தக் கை பாயில் என் பக்கம் விரிந்து கிடக்கிறது. பேனா பிடிக்காத கையை அதன்மேல் வைக்கப் பார்க்கிறேன். பாதி வரைதான் போகிறது.