கிளட்ச் கனமாக இருக்கிறது

நவம்பர் 6, திங்கள்

விடியும்போதே மழை. பொழிச்சலூர் தெருவெல்லாம் தண்ணீர். மனைவி மெர்சியைப் பல்லாவரத்தில் அவள் வேலை பார்க்கும் ஸ்கூல் வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிக்கு. தினமும் இதே ரோடு, இதே நெரிசல், லோடு மட்டும் மாறும். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் கிளட்ச் உயிரை எடுத்துவிட்டது. தாம்பரத்தில் இடது தொடை நடுங்கியது. சொந்த லோடு வண்டி, வாங்கி ஆறு வருஷம். ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

கம்பெனி வாசலில் பக்கத்து வண்டி டிரைவர் முருகன் யோசனை சொன்னான். "டர்போ போட்டுடுண்ணா. வண்டி பறக்கும்." எங்கே பறப்பது? பெருங்களத்தூர் நெரிசலிலா?

டர்போ: வேண்டாம். இரண்டாவது கியரிலேயே ஊர்கிறவனுக்கு எதற்கு.
அகல டயர்: பார்க்க அழகு. ஸ்டியரிங் இன்னும் கனக்கும். வேண்டாம்.
ஹெட்லைட் ரிலே: மழைக்காலம். அவசியம்.
ஏர் ஹாரன்: முருகனுக்குக் கொடுக்கலாம்.
கிளட்ச்: உடனே.
பவர் ஸ்டியரிங்: ஆசைதான். விசாரிக்க.

தினமும் ஓடுகிற வண்டிக்குக் கையும் காலும் படுகிற இடத்தில் செய்வதுதான் பிரயோஜனம். மற்றதெல்லாம் கல்யாண ஊர்வலத்துக்கு.

நவம்பர் 8, புதன்

கீழ்க்கட்டளையில் தாஸின் மெக்கானிக் ஷெட்டில் பாதி நாள். பிளேட், பேரிங், கேபிள் எல்லாம் புதுசு. ரிலேயும் மாட்டியாயிற்று. லைட் பிரமாதம். இனிமேல் கிளட்ச்சைக் கட்டை விரலால் மிதிக்கலாம் என்றான் தாஸ்.

பம்மல் வருவதற்குள் பழைய கதை. மிதித்துப் பிடித்தால் கால் ஆடுகிறது. பழைய பிளேட்டையே தேய்த்துப் போட்டுவிட்டானோ? இத்தனை வருஷப் பழக்கம், செய்ய மாட்டான். செய்தாலும் செய்வான். இந்தக் காலத்தில் யாரை நம்புவது.

மெ. வைத்த மீன் குழம்பு. தட்டில் பாதி, லுங்கியில் பாதி.

நவம்பர் 9, வியாழன்

கம்பெனியில் இறங்கிப் பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. வண்டலூர் டீக்கடையில் கழன்றிருக்க வேண்டும். ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து வந்து வண்டி ஏறியிருக்கிறேன், தெரியவே இல்லை. முருகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். திரும்பும்போது டீக்கடையில் செருப்பு பத்திரமாக இருந்தது. வார் தேய்ந்த செருப்பு, அதுதான்.

நவம்பர் 11, சனி

மழை விட்டது. புதுப்பேட்டையில் ஒரு பவர் ஸ்டியரிங் செட் கிடைத்தது, அடிபட்ட வண்டியில் கழற்றியது. தாஸ் அடுத்த சனி மாட்டுகிறேன் என்றான்.

சட்டைப் பொத்தான் துளைக்குள் போக மறுக்கிறது. மெ. வந்து போட்டுவிட்டாள். இடது கட்டை விரலுக்குக் கீழே சதை தானாகத் துடிக்கிறது. வண்டி உதறல் கைக்கு ஏறியிருக்கிறது. எஞ்சின் மவுண்ட் ரப்பர் மாற்ற வேண்டும். லிஸ்டில் சேர்க்க.

நவம்பர் 13, திங்கள்

தாஸோடு சண்டை. வேலை முடிந்து நேராக ஷெட்டுக்குப் போய்க் கத்தினேன். என்ன பிளேட் போட்டாய், யாரை ஏமாற்றுகிறாய். நாலு பேர் முன்னால். அவன் குனிந்து கிளட்ச் பெடலை ஒரு கையால் அமுக்கினான். தரை வரை போயிற்று. விட்டான். திரும்ப அமுக்கினான்.

"நீ ஏறி குந்துண்ணா," என்றான். உட்கார்ந்தேன். "சோத்தாங்கால்ல மிதி."

வலது காலைக் கொண்டுபோய் மிதித்தேன். ஒன்றுமே இல்லை. காற்றை மிதித்த மாதிரி இறங்கியது.

"இப்போ பீச்சாங்கால்ல."

கனம். பாதி வரைதான் போயிற்று. தொடை ஆடியது. தாஸ் பெடலைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வண்டில ஒண்ணும் இல்லண்ணா," என்றான் மெதுவாக.

இறங்கினேன். ஷெட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வந்துவிட்டேன். மெ.யிடம் சொல்லவில்லை. தூக்கமும் இல்லை.

நவம்பர் 14, செவ்வாய்

மெக்கானிக்குக்கு என்ன தெரியும். நரம்பு பிசகியிருக்கும். தைலம் தேய்த்தேன். கைக் கிளட்ச் மாட்டிய வண்டி ஒன்று பார்த்ததாக முருகன் ஒரு தடவை சொன்னான். விசாரிக்க வேண்டும். ஆனால் அதையும் இந்த இடது கையால்தானே பிடிக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது. பயமாக இருக்கிறது.

நவம்பர் 15, புதன்

நடந்துவிட்டது.

காலை, மறுபடி மழை. ஸ்கூல் வாசல். முதல் கியரில் கிளட்ச்சை மிதித்தபடி ஊர்ந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஸ்கூட்டர், அப்பாவும் பின்னால் சின்னப் பெண்ணும். ஈரக் கால் பெடலிலிருந்து வழுக்கியது. வண்டி ஒரு துள்ளு. பம்பர் ஸ்கூட்டரில் இடித்து எஞ்சின் அணைந்தது. அந்தப் பெண்ணின் டிபன் பாக்ஸ் ரோட்டில் விழுந்து இட்லி சிதறியது. அவளுக்கு ஒன்றும் இல்லை. கர்த்தர் காப்பாற்றினார். அரை அடி தள்ளி இருந்தால்?

அப்பன்காரன் அடிக்க வந்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெ. இறங்கிப்போய் டிபன் பாக்ஸை எடுத்துத் துடைத்து, தன் சாப்பாட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 16, வியாழன்

காலையில் செருப்பை மாட்டப்போனால் இடது செருப்பின் பின்னால் ஓர் எலாஸ்டிக் பட்டை. பாவாடை எலாஸ்டிக், கறுப்பு நூலில் அழுத்தமான தையல். குதிகாலைப் பிடித்துக்கொள்கிறது, கழலாது.

எப்போது தைத்தாய் என்றேன். பட்டை போன வாரமே தயார், நேற்று ராத்திரிதான் செருப்பில் சேர்த்தேன் என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"திங்கட்கிழமை நரம்பு டாக்டர். லீவு சொல்லிட்டேன். அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்," என்றாள்.

கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 18, சனி

தாஸ் தானே வந்து வண்டியை எடுத்துப்போய் பவர் ஸ்டியரிங் மாட்டிக் கொண்டுவந்து விட்டான். மவுண்ட் ரப்பரும் புதுசு. அவன் எஞ்சினை அணைப்பதற்குள், வாசலில் நின்றபடியே ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்த்தேன். அற்புதம். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், செவ்வாய்க்கிழமையே எடுத்துவிடலாம்.

கம்பெனிக்கு முருகன் என் லோடையும் சேர்த்து எடுக்கிறான். நல்ல பையன். வாய்தான் நீளம்.

நவம்பர் 20, திங்கள்

டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். நாக்கை நீட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். நாக்குக்கும் கிளட்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். கையிலும் காலிலும் ஊசி குத்தி டிவி மாதிரி ஒன்றில் கோடு பார்த்தார்கள். வியாதியின் பெயரை மெ. சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள். இங்கே எழுத மாட்டேன்.

மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. வண்டி இனிமேல் தொடவே கூடாது. மாற்றுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா சார் என்று கேட்டேன். இல்லை என்றார். நல்ல மனுஷன், கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

மெ. பஸ்ஸில் அழவில்லை. வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். எனக்கும் வந்தது.

நவம்பர் 22, புதன்

வெயில். இன்றிலிருந்து முருகன் என் வண்டியை ஓட்டுகிறான். முதலாளியின் வண்டி ஓட்டுவதை அவன் விட்டுவிட்டான். வழி காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் கூடப் போனேன். அவனுக்குத் தெரியாத வழியா.

பக்கத்து சீட். இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை.

பல்லாவரம் தாண்டியதுமே அவனுக்கு முகமெல்லாம் பல். "இன்னாண்ணா பண்ணி வச்சிக்கீற வண்டிய? கிளட்ச்சே இல்லாத மாதிரி கீது. ஸ்டியரிங்கு தானா திரும்புது." பிளேட், கேபிள், ரப்பர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாம்பரத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. முருகன் பிரேக் அடித்தான். நானும் பழக்க தோஷத்தில் அங்கே இல்லாத கிளட்ச்சை மிதித்தேன், பலம் கொண்ட மட்டும். வண்டி நின்றது. குனிந்து பார்த்தேன். எலாஸ்டிக் போட்ட செருப்புக்குள் என் கால் வைத்த இடத்திலேயே இருந்தது. அசையவில்லை.