கேக்கில் எழுதிய ஐம்பது

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ

அன்பு மகள் கரோலினாவுக்கு,

மடு மாதாவின் தயவால் அப்பாவும் நானும் சுகம். உன் வலத் தோள் எப்படி என்று தெரிந்தால்தான் அந்தச் சுகம் முழுமையாகும், நீயோ போனை எடுக்கிறாயில்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அப்பா முழங்கால் வலியோடுதான் பஸ் ஓட்டப் போகிறார், ஹம்மர்பெஸ்டில் உன் அண்ணா ஆன்ட்ரியாஸுக்கு வேலை தலைக்கு மேலே. எனக்குத்தான் வெளியே தலைகாட்ட வெட்கம்.

ஆஸ்திரிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியை நானும் அப்பாவும் கணினியில் பார்த்தோம். பாயும் தண்ணீரின் வெள்ளை நுரைக்குள், மேலே தொங்கும் கம்புகளுக்கு நடுவே நீ படகைத் திருப்பித் திருப்பி வர, நான் செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தேன். முடிவில் மற்றப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே 0, 2, 4 என்று கிடக்க, உன் பெயருக்கு நேரே 50. எனக்கு வேறென்ன தோன்றும்? பிள்ளைகளின் சோதனை மாக்ஸை ஒப்பிட்டே காலம் தள்ளிய சனம் நாங்கள். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவிலும் கோயில் குழுவிலும் வாழ்த்துப் போட்டேன். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, மேலே 50 என்று கிறீமால் எழுதிய கேக்கை மண்டபத்தில் வெட்டினேன். ஆருக்கு அம்பது வயசு என்று அருள்ராணி கேட்க, வயசில்லை, என்ரை மகள் எடுத்த மாக்ஸ் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பின்னேரம் உன் ஒற்றை வரி வந்தது, அம்மா அது தண்டனை, என்ரை இடம் போயிட்டுது என்று. அதற்குப் பிறகு நீ குடும்பக் குழுவிலேயே இல்லை.

தொங்கும் கம்பில் முட்டினால் இரண்டு விநாடி, ஒரு சோடிக் கம்புக்கு நடுவே போகாமல் தவறவிட்டால் ஐம்பது விநாடி, எடுத்த நேரத்தோடு கூட்டுவார்கள் என்று அப்பா தேடி வாசித்துச் சொன்னார். நீ உடைந்து நின்ற நேரத்தில் ஊரைக் கூட்டிக் கேக் வெட்டியிருக்கிறேன் பிள்ளை. மிச்சக் கேக் இன்னும் குளிர்பெட்டிக்குள் கிடக்கிறது, தின்னவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. சின்ன வயதில் இங்கே ஏரியில் தொடங்கி, வியன்னாவுக்குப் போய், அந்த நாட்டுக்காரியாகவே மாறி, இரண்டு தரம் தோள் கழன்றும் நீ விடாத விளையாட்டு. அதில் எப்படி வெல்வது என்று ஒருநாள்கூட உன்னிடம் கேட்கவில்லையே நான்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. உன் முதல் உலகக் கிண்ணப் போட்டி முடிந்து, அம்மா சைபர், முழுக்கச் சைபர் என்று மூச்சு வாங்க வாங்கப் போனில் சொன்னாயே, ஞாபகமா? நீ அழுகிறாய் என்று நினைத்து, பரவாயில்லை பிள்ளை, அடுத்தமுறை பாப்பம் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். கேட்டவர்களுக்கெல்லாம், உனக்குக் காய்ச்சல், போட்டிக்கே போகவில்லை என்று சொன்னேன். நேற்று அந்த ஓட்டத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். ஒரு கம்பும் ஆடவில்லை, ஒரு விநாடியும் கூட்டவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

இந்த வருடத்தோடு விளையாட்டை விடப்போவதாகச் சொல்லியிருந்தாய். வியன்னாவில் நீ ஓடும் கடைசிப் போட்டிக்கு நாங்கள் வரலாமா? கூச்சல் போடமாட்டேன், கேக்கும் கொண்டுவரமாட்டேன். ஓம் என்று மட்டும் எழுது. தோளுக்கு எண்ணெய் பூச மறக்காதே.

மாதா உன்னைக் காப்பாளாக. உனக்குச் சைபர் கிடைக்க வேண்டுமென்று தினமும் மன்றாடும்,

உன் அம்மா
அனஸ்ரேசியா