ஓரத்தில் எழுத வேண்டாம்

பிப்ரவரி 11

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களின் படிவங்கள் இன்று நூற்றுப்பன்னிரண்டு வந்தன. சிகிச்சை நாட்களைக் குறைத்தாலும் அதே பலன் கிடைக்குமா என்பது ஆய்வு. புள்ளிவிவரம் என் பொறுப்பு. பதினேழாம் கேள்வியும் நான் எழுதியதுதான்: ‘உங்கள் குரல் உங்களுடையதாகவே இருக்கிறதா? 0 முதல் 10 வரை.’ அடியில் ‘ஓரத்தில் எழுத வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் போட்டும் எழுதுகிறார்கள். ஒரு பஸ் நடத்துனர்: ‘என் குரல்தான். வீட்டு நாய்தான் நம்ப மாட்டேங்குது.’ நாயை எந்தக் கட்டத்தில் அடைப்பது? ‘பதில் இல்லை’ என்று குறித்தேன்.

எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. ஏழு வாரமாக. ஏசிதான் காரணம்.

மார்ச் 3

ஏசி இல்லை. குரல்நாணில் சின்னக் கட்டி. சோதனையில் புற்று என்று வந்துவிட்டது. ‘மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் டாக்டரைப் பாருங்கள்’ என்ற எங்கள் துண்டுப் பிரசுரத்துக்குப் பிழை திருத்தியவள் நான். காற்புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.

டாக்டர், “ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். கதிர்வீச்சு போதும், குரல்வளையை எடுக்க வேண்டாம். உங்களுக்கே தெரியுமே, மேடம்” என்றார். தெரியும். எங்கள் ஆய்வில் பத்துப் பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். அட்டவணையில் எழுதியபோது அந்தப் பத்தாவது ஆள் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

மார்ச் 4

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அழுதாள். பிறகு, “நீ பேசறதே மாசத்துக்கு நாலு வார்த்தை. அதுலயாடி வரணும்?” என்றாள். நானும் அதையே நினைத்தேன். எடுத்துப் புழங்காத பொருளுக்கு இவ்வளவு பயமா?

மார்ச் 24

சனி, ஞாயிறு நீங்கலாக மொத்தம் இருபத்தெட்டு நாள். இன்று முதல் நாள். பிளாஸ்டிக் வலையில் என் முகத்தை அச்செடுத்துச் செய்த முகமூடி. அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். “அசையாதீங்க, எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க” என்றார் மெஷினை இயக்குபவர். மூன்றாவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. முதலிரண்டில் தோற்றேன்.

ஏப்ரல் 17

தண்ணீர் முள்ளாக இறங்குகிறது. குரல் சுத்தமாக இல்லை. அக்காவுக்குக் குறுஞ்செய்தி மட்டும். எங்கள் படிவத்தில் இதற்குப் பெயர் ‘மிதமான அசௌகரியம்’. எந்த முண்டம் எழுதிச்சு அதை — நான்தான்.

ஏப்ரல் 30

முடிந்தது. முகமூடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள். இருக்கிற ஒரு முகம் போதும் என்று எழுதிக் காட்டினேன்.

ஜூலை 14

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், “கட்டி போயிடுச்சு” என்றார். “ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். அப்புறம், படிவம் எல்லாருக்கும் உண்டு, மேடம்.”

ஆபீஸ் போனிலிருந்து அக்காவை அழைத்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு வாய் திறந்து பேச்சு. என் கரகரப்பைக் கேட்டு, “ராங் நம்பர், சார்” என்று வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன். மறுபடியும் சார். மூன்றாவது தடவை என்ன சொல்வதென்று தெரியாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “நீயாடி?” என்றாள்.

ஜூலை 15

பதினேழாம் கேள்வி. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம். கடைசியில் கட்டங்களை விட்டுவிட்டு, நேற்று நடந்ததை ஓரத்தில் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும்.

பிறகு அலமாரியில் நடத்துனரின் படிவத்தைத் தேடி எடுத்து, ‘பதில் இல்லை’ என்பதை அடித்தேன். படிவத்தில் தொழில் இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் கேட்கக் கூடாது என்பதும் என் ஏற்பாடுதான். நாய் இப்போது நம்புகிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது?