தோரணத்துக்கு அப்புறம் சுவர்

மாசி 10, சனி

காலையிலேயே வெயில். மதுரை நீச்சல்குளத்தில் நம்ம பக்கம் இருந்தவர்கள்: நான், மகள் பவித்ரா, அவள் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர், கொழுந்தனார் முருகேசன். அவ்வளவுதான். அவுக, பவித்ரா அப்பா, லாரியோடு நாக்பூர் பக்கம்.

பவித்ராவுக்கு மல்லாக்க நீச்சல் போட்டி. இதுவரை அவள் நீந்தினது எல்லாம் நம்ம தோட்டத்துக் கிணற்றில். குளத்தைப் பார்த்ததும் எனக்குக் கிறக்கம் மாதிரி. அத்தனை நீலம். அடி தெரிகிற தண்ணீர். இரண்டு ஓரத்திலும் தலைக்கு மேலே குறுக்காகக் கலர்த் தோரணம்.

"பாரு பவி, நம்ம ஊர்ப் பொங்கலுக்குக் கட்டுன மாதிரியே கட்டிருக்காக."

"ஆமம்மா. எனக்காகத்தான் கட்டிருக்காக." சிரித்தாள்.

போட்டியில் அவள்தான் முன்னால். கண் முழுக்க வானத்தில். சுவர் வந்தது தெரியவில்லை. அதே வேகத்தில் உச்சந்தலை போய் இடித்தது. சத்தம் மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்டது. தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு.

ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று. தையல் வேண்டாம், சின்னக் கீறலும் வீக்கமும்தான் என்றார்கள். தாயே, காப்பாற்றினாய்.

திரும்பி வரும்போது அருப்புக்கோட்டை பஸ்ஸில் முருகேசன்: "மதினி, ஒங்க மகள நீச்சலுக்கு விட்டது தப்பு. கெடாச் சண்டைக்கு விட்டிருந்தா மொதப் பரிசு நமக்குத்தான்."

"சித்தப்பா, ஒங்க மண்டையக் கொண்டாங்க, முட்டிக் காட்டுறேன்."

செலவு தனியாக எழுதியாயிற்று. தேங்காய் ஒன்று விட்டுப்போனது. நாளை சேர்க்க.

மாசி 11, ஞாயிறு

மேகம். மழை இல்லை. கொத்தமல்லி பிடுங்க ஆள் வரவில்லை.

டீச்சர் போன். "அக்கா, சுவரு வரைக்கும் அவதான் முன்னாடி. அங்க இருந்த கோச் பாத்துட்டாரு. மதுரை விடுதியில தங்கிப் படிக்கவும் நீந்தவும் எடம் தாராகளாம். அப்பா சம்மதம் சொல்லணும். இந்தத் திங்க போக, அடுத்த திங்கக்குள்ள."

சந்தோஷம். அது அரை மணிதான். முருகேசன் அதற்குள் அண்ணனிடம் மண்டைக் கதையைச் சொல்லிவிட்டான். அவுக போனில் ஒரே பிடி: "போதும் புள்ள. மண்ட ஒடஞ்சு கெடக்கவா பெத்தோம்? கெணத்துப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன்." பின்னால் லாரி ஆரன். போன் கட்.

பவித்ரா சாப்பிடவில்லை. மோர் மட்டும்.

மாசி 13, செவ்வாய்

வெறும் வெயில். அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு.

மதியம் பவித்ராவோடு படுத்துக்கொண்டு போனில் அந்த இத்தாலிக்காரியைப் பார்த்தேன். "இத்தாலி அக்கா" என்பாள் பவித்ரா. மல்லாக்க நீச்சலில் பெரிய கை. மகள் அவள் படங்களை வருஷ வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

முதலில் ஒல்லிக் குட்டி, சிவப்புத் தொப்பி, கடைசியாக வருகிறாள். பிறகு வீட்டை விட்டுப் பெரிய ஊருக்குப் போய்த் தங்குகிறாள். (அவள் அம்மா அன்று என்ன செய்திருப்பாள்? படத்தில் இல்லை.) பிறகு மெடல். பிறகு ஒரு வருஷம் ஒன்றுமே இல்லை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். தோள்பட்டையில் ஆபரேஷன். மறுபடி தண்ணீர். மறுபடி மெடல். இப்போது கண்ணோரம் சுருக்கம். இந்த வருஷத்தோடு நிறுத்தப் போகிறாளாம்.

பேசுகிற பாஷை எங்களுக்குப் புரியவில்லை. கோயிலில் மந்திரம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே கிடந்தோம்.

தொப்பி மாறுகிறது, ஊர் மாறுகிறது, அவள் முகம் மாறுகிறது. தோரணம் மட்டும் மாறவில்லை. எல்லா ஊரிலும், எல்லா வருஷத்திலும், அதே இடத்தில். திருவிழா இல்லாத நாளிலும்.

"பவி, நிறுத்து. திரும்பப் போடு."

அவள் தோரணத்துக்கு அடியில் வருகிறாள். அதற்கப்புறம் சில கை வீச்சு. உடனே திரும்புகிறாள். சுவரைப் பார்ப்பதே இல்லை.

பவித்ரா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நம்ம கெணத்து மேல வேப்பங்கெள நிக்குதுல்ல? அது தலைக்கு மேல வந்தா நான் கைய நீட்டிருவேன். அங்க கெளையக் காணோம்னு தேடிக்கிட்டே போனேன்."

டீச்சருக்குப் போன் போட்டேன். "அடடா! ஆமக்கா, அதுக்குத்தான் அது. அவளுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அலங்காரம் என்று நினைத்துவிட்டோமே, தாயும் மகளும். முளைப்பாரி எடுத்து வரும்போது எனக்கும் அப்படித்தானே? தலையில் பாரம், முன்னால் கூட்டம், பாதை தெரியாது. தலைக்கு மேலே தோரணம் வந்தால் கோயில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அதை நம்பித்தானே நடந்தேன்.

மாசி 15, வியாழன்

விடியும்போது கனவு. கண்மாய் நிறையத் தண்ணீர். மல்லிக்காடு, கருவேலங்காடு, ரோடு எல்லாம் தண்ணீர். பனைக்குப் பனை தோரணம். அதன் அடியில் இத்தாலிக்காரி மல்லாக்கப் போகிறாள், சத்தமே இல்லாமல். கரையில் நிற்கிற என்னைப் பார்த்து, "இன்னும் எம்புட்டு தூரம்?" என்று நம்ம பேச்சிலேயே கேட்கிறாள். எனக்குத் தெரியும், சொல்வதற்குள் விழிப்பு. விழித்த பிறகும் காதில் தண்ணீர் இருக்கிற மாதிரி.

பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

மாசி 16, வெள்ளி

அம்மன் கோயில். பூக்கட்டிப் பார்க்கத்தான் போனேன். சிவப்புப் பூ வந்தால் அனுப்புவது, வெள்ளை வந்தால் நிறுத்துவது. பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டார். "எடு தாயி."

கை போகவில்லை. வெள்ளை வந்தால் பவித்ராவிடம் அம்மன் சொன்னாள் என்பேன். சிவப்பு வந்தால் அவுகளிடம் அம்மன் சொன்னாள் என்பேன். நாங்கள் பேச வேண்டியதை அவள் தலையில் ஏற்றுவதா?

"வேண்டாம் சாமி. அந்தத் தூண்ல கெடக்குற பழைய தோரணத்தக் குடுங்க."

"அது எதுக்கு?"

"கெணத்துக்குக் கட்ட."

"கெணத்துக்கு என்ன கல்யாணமா?" என்று கேட்டார். ஆனாலும் அவிழ்த்துக் கொடுத்தார்.

மாசி 18, ஞாயிறு

இளவெயில். காற்று இல்லை. தலைக் காயம் நன்றாக ஆறிவிட்டது.

அவுக சொல்லை மீறினேன். கிணற்றுக்குக் கூட்டிப் போனேன். முருகேசன் வேப்பங்கிளையை வெட்டினான்; பவித்ராவே வெட்டச் சொன்னாள். தோரணத்தை டீச்சர் சொன்ன அளவில் குறுக்கே கட்டினோம். தண்ணீர் இன்னும் இரண்டு படி இறங்கியிருக்கிறது. சித்திரை வரை நிற்காது.

முதல் தடவை பயந்து பாதியில் நின்றாள். அடுத்து சீக்கிரம் கையை நீட்டிவிட்டாள். அப்புறம் வந்தது. தோரணம், கை, கை, கை, சுவர். உள்ளங்கையில் சுவர். தலையில் இல்லை. முருகேசன் துண்டைச் சுழற்றினான். "மதினி, கெடா திருந்திருச்சு!"

"அம்மா, நீயும் எறங்கு."

எனக்கு நீச்சல் தெரியாது. முதுகில் காலி எண்ணெய்க் கேன் கட்டி, சேலையை இழுத்துச் செருகி இறக்கிவிட்டாள். காது தண்ணீருக்குள் போனதும் ஊர் நின்றுபோனது. சதுரமாக வானம். ஒரு கொக்கு. என் மூச்சு மட்டும். எங்கே போகிறேன் என்று தெரியவில்லை, தலைக்குக் கீழே மகள் கை. மெதுவாகத் தோரணம் வந்தது. அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீர், யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் அவுகளுக்கு எழுதி அனுப்பினது, இங்கேயும் நகல்:

ஏங்க, கும்பிடுறேன். நீங்க வேண்டாம்னு சொன்ன கெணத்துக்கு நாந்தான் கூட்டிப் போனேன். கோவம் எம்மேல வைங்க. மண்ட இடிச்சதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு, இனி இடிக்காது. முருகேசன் எடுத்த படம் அனுப்பிருக்கேன். வண்டிய ஓரங்கட்டிட்டுப் பாருங்க. அம்மன்கிட்டப் பூக் கேக்கப் போயி, கேக்காம வந்துட்டேன். ஒங்ககிட்டத்தான் கேக்குறேன், மகள மதுரை விடுதிக்கு அனுப்பலாமா? நாளைக்குத் திங்கக்கெழம. சீக்கிரம் பதில் சொல்லுங்க.