வரிசையில் நிற்கும் வாழ்த்து

டீச்சர்,

இன்று கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்தபோது உங்கள் பென்டிரைவ் விரலில் பட்டது. அதில் நீங்கள் ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் உரியவில்லை. அதன்மேல் உங்கள் எழுத்தில் ‘பேத்திக்கு’.

ஓய்வுபெற்ற பிறகு நாம் இருவரும் ஜாவாஸ்கிரிப்ட் படித்தோம் என்றால் யாரும் நம்புவதில்லை. உலகெங்கும் பல கணினிகளில் ஒரே சமயம் பதியும் பேரேடான பிளாக்செயினில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது என்பதுதான் உங்களைப் பிடித்துக்கொண்டது. திண்டிவனத்தில், இணையம் இல்லாத பழைய லேப்டாப்பில் நீங்கள் எழுதி டிஜிட்டல் கையெழுத்திடுவீர்கள். விழுப்புரத்திலிருந்து நான் அதை இணையத்தில் அனுப்புவேன். மாற்றுச் சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவது ஒரு வேலை, அதைத் தபாலில் சேர்ப்பது இன்னொரு வேலை, அதுபோலத்தான். கையெழுத்துக்கான, கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியை எங்கும் எழுதி வைக்க மாட்டீர்கள். “என் தலைக்குள்ள இருக்குது. உங்ககிட்ட சொன்னா ஊரு பூரா சொல்லிக்கினு இருப்பீங்க” என்று சிரிப்பீர்கள்.

நான்கு முறை அனுப்பிப் பழகினோம். ஐந்தாவது, பேத்திக்கான வாழ்த்து. தாம்பரத்திலிருந்து நான் திரும்பிய பாசஞ்சர் ரயில் திண்டிவனத்தில் நின்ற இரண்டு நிமிடத்தில், ஜன்னல் வழியாகப் பென்டிரைவைக் கொடுத்தீர்கள். மறுநாள் உங்கள் போன்.

“இன்னா டீச்சர், அனுப்பிட்டீங்களா?”

“அப்பவே அனுப்பிட்டேங்க.”

அனுப்பவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன். மூன்றாம் நாள் காலை உங்கள் மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

காரியம் முடிந்த பிறகு அனுப்பினேன். ஏறவில்லை. வரிசையிலேயே நின்றது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, முதலாவதற்குப் பூஜ்யம்; முந்தைய எண் வராமல் அடுத்தது ஏறாது. இணையம் இருந்தால் நாம் பயன்படுத்திய லைப்ரரி என்ற நிரல்தொகுப்பே அதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும். உங்களுக்கு நான்தான் பார்த்துச் சொல்வேன். அந்த முறை நீங்கள் கேட்கவில்லை. ஐந்தாவதுதானே என்று ஐந்து போட்டுவிட்டீர்கள். முப்பது வருஷம் ஒன்றிலிருந்து வருகைப்பதிவு எடுத்த கை அல்லவா!

நாலு போட்டிருக்க வேண்டும். இப்போது அந்த ஓர் எண்ணை நான் மாற்றினாலும் உங்கள் கையெழுத்து செல்லாது. நாலாம் எண்ணுக்குக் கையெழுத்திட நீங்கள் இல்லை. நான் அன்றைக்கே அனுப்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு போன் போதும். திட்டிக்கொண்டே திருத்தியிருப்பீர்கள்.

நேற்று உங்கள் மகள் குழந்தையோடு வந்திருந்தாள்.

“அம்மா எழுதினது ஏறிடுச்சா ஆன்ட்டி?”

ஏறிடுச்சு என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“ஏறலம்மா. இனிமே ஏறாது. என்னாலதான்” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். நீங்கள் எழுதிய வாழ்த்தை அதன் காதில் சொன்னேன். பார்க்காமலேயே சொல்ல வந்தது. இப்போதைக்கு அது என் குரலில் மட்டும்தான் இருக்கிறது, டீச்சர்.