காலை ஆறு மணித் தண்ணீர்

விஜயநகர்,
மைசூரு.

அன்புள்ள ரவிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் வைஷாலியும் அந்த டப்ளின் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று சாமுண்டித் தாயை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்ததுமே ஸ்பீக்கரில் போடு என்கிறார் உன் அப்பா, பிறகு எனக்கு எங்கே பேச்சு கண்ணு.

அவர் இப்போது லேஅவுட் சங்கத்துக்குச் செயலாளர் அல்லவா. நம் நீச்சல் குளத்தில் காலை ஆறு மணி பெண்களுக்கு என்று இருந்தது, போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் கிளப் அதைக் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏழு மணி அவருடைய பென்ஷன் நண்பர்கள் நேரம், அதைத் தொடவில்லை. எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணியாம். ஏனுங்க இப்படி என்று கேட்டால், நம்மூட்டு ஆளோட நேரத்தை மொதல்ல மாத்துனாத்தான் ஊரு வாயடைக்கும், பாக்கியம், நீ அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்னு தெரியும் என்று பெருமையாகச் சிரிக்கிறார். அவர் நியாயவான் ஆவதற்கு நான்தான் கிடைத்தேன். கூட நீந்தும் தேவம்மாவோ, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வீட்டு யஜமானர் செய்வாரா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் ரிட்டயர் ஆனதிலிருந்து கண்ணாடி எங்கே, காபி எங்கே என்று நாளெல்லாம் என் பெயர்தான் வீட்டில். தண்ணீரில் இருந்த அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் என்னை யாரும் கூப்பிட முடியாது. நேற்று குக்கரை இறக்கிவைத்துவிட்டு வெயிலில் போனேன். அடுப்பு வேலையை விட்டு வேறு யார் வருவார்கள், ஒருத்தியும் இல்லை. தனியாக இறங்கக் கூடாது என்று காவலாளி பசவராஜ் தடுத்துவிட்டான், அந்த விதியும் உன் அப்பா போட்டதுதான். கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தேன். அழுகையாக வந்தது.

இதை நீ அப்பாவிடம் பேசிவிடாதே. நீ ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நான் எத்தனை முறை கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வைஷாலியை வேலை வேலை என்று அலைய விடாதே. இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கடிதம் கிடைத்தது என்று சொல்லிவிடாதே. அங்கே மழையா என்று கேட்பேன், ஆமாம் மழைதான் என்று சொல், எனக்குப் புரிந்துவிடும்.

உன் அம்மா,
பாக்கியலட்சுமி